தெமோதரைத் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு

தை பிறந்ததும் எனக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி பல உருவங்களில் வந்து நிற்கும். ரொறன்ரோவிலிருந்து ஒருவர், சூரிச்சிலிருந்து ஒருவர், கோயம்புத்தூரிலிருந்து ஒருவர். "இவ்வாண்டு காமன் கூத்து எப்போது? எந்தத் தோட்டத்தில் பார்க்கலாம்? தங்க இடம் உண்டா? படம் எடுத்தால் கோபிப்பார்களா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதி வந்தேன். இனி எல்லோருக்கும் சேர்த்து ஒருமுறை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

நான் தெமோதரையை அண்டிய தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவன். பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகள் கழித்தவன். கண்டிப் பெரஹெராவையும் நல்லூர்த் தேரையும் மடுமாதா திருவிழாவையும் செய்தியாளனாக நின்று பார்த்திருக்கிறேன். அவற்றுக்கெல்லாம் வழிகாட்டி நூல்கள் இருக்கின்றன. ஊவாத் தோட்டங்களின் திருவிழாக்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. சுற்றுலாப் பயணிகள் ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பாலத்துக்கு மேலே மலைச்சரிவில் இரவு முழுதும் தப்பு முழங்குவது அவர்கள் காதில் விழுவதில்லை. அந்த ஓசையைத் தேடி வருகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வருகிற வழி

கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயில் பாதை ஏறக்குறைய 290 கிலோமீற்றர். எல்லவைத் தாண்டினால் ஒன்பது வளைவுப் பாலம். 1921 இல் கட்டப்பட்டது, ஏறத்தாழ 300 அடி நீளம், 80 அடி உயரம். அடுத்து வருவது தெமோதரை. நிலையத்தை விட்டு நகரும் ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, சற்று முன் தான் நின்றிருந்த அதே நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கத்தினுள் புகுந்து போகும். சிறுவர்களாக இருந்தபோது மேலே நிலையத்தில் கோச்சிக்குக் கையசைத்துவிட்டு, குறுக்கு வழியால் ஓடிவந்து கீழே நின்று இரண்டாம் முறையும் கையசைப்போம். அதற்கப்பால் உடுவரை, ஹாலி-எல, பதுளை. பதுளை வரையிலான பாதை 1924 இல் திறக்கப்பட்டது.

2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயல் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகளால் பல உயிர்களைப் பறித்தது. மலையக ரயில் பாதையையும் பல இடங்களில் சிதைத்தது. ஆகவே பயணத்துக்கு முன் எந்த ரயில், எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று விசாரித்துக்கொள்வது அவசியம். ரயில் இல்லையென்றாலும் பண்டாரவளையிலிருந்து பதுளை செல்லும் பஸ் தெமோதரை வழியாகத்தான் போகும்.

தங்குவதற்கு எல்லவிலும் பதுளையிலும் விடுதிகள் ஏராளம். தோட்டத்துக்குள் விடுதி கிடையாது. இரவுக்கூத்து முடிய விடிந்துவிடும். திரும்புவதற்கு முச்சக்கர வண்டி ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் மலைப்பாதையில் வண்டி தேடுவது நடக்கிற காரியமல்ல. மாசியிலும் இரவு குளிரும். கம்பளிச் சட்டை ஒன்று கையில் இருக்கட்டும். புல்வெளியில் உட்காருவதானால் அட்டைக்குச் சவர்க்காரம் தேய்த்த காலுறை போதும்.

எந்த மாதம் வருவது

ஊவாவில் திருவிழா இல்லாத மாதங்கள் குறைவு. அவற்றுள் வெளியூரார் வந்து பார்க்கத்தக்கவை நான்கு.

மாசியில் காமன் கூத்து. பங்குனியிலிருந்து ஆனி வரை தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்கள். எந்தத் தோட்டத்தில் எந்த வாரம் என்பதை அந்தந்தக் கோயில் கமிட்டிதான் தீர்மானிக்கும். ஆடியில் கதிர்காமமும் பதுளைக் கதிர்வேலாயுத சுவாமி கோயிலின் ஆடிவேலும். அதையொட்டிய காலத்தில் பதுளை முத்தியங்கனை விகாரையின் பெரஹெரா.

இவற்றுள் பெரும்பாலானவை நிறைநிலாவை ஒட்டி வருபவை என்பதைக் கவனியுங்கள். இலங்கையில் ஒவ்வொரு பூரணையும் போயா விடுமுறை நாள். ரயிலில் இடம் கிடைப்பது அரிது. ஆசனப் பதிவை முன்கூட்டியே செய்துவிட வேண்டும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை ஊவாவுக்கு மழைக்காலம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாங்கள் மறக்கவில்லை. அந்த மாதங்களில் மலைக்கு வரச் சொல்லி யாரையும் நான் அழைப்பதில்லை.

காமன் கூத்து

நான்கில் ஒன்றுக்குத்தான் வர முடியும் என்றால் காமன் கூத்துக்கு வாருங்கள்.

கதை நீங்கள் அறிந்ததுதான். தவத்தில் ஆழ்ந்த சிவன் மீது மன்மதன் மலர்க்கணை தொடுக்கிறான், நெற்றிக்கண் திறக்கிறது, மன்மதன் சாம்பலாகிறான், ரதி அழுகிறாள், அவளுக்கு மட்டும் தெரியும் உருவில் கணவன் மீள்கிறான். தமிழகத்தின் தஞ்சை, புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்து ஊர்களிலிருந்து கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு இதையும் கொண்டுவந்தார்கள். அரிச்சந்திரன் கதையும் பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் அவ்வாறே வந்தவை. அவற்றுள் இன்றும் மலையகத்தின் சொந்தக் கூத்து என்று எல்லோராலும் ஒப்புக்கொள்ளப்படுவது காமன் கூத்துத்தான்.

இது ஓர் இரவு நிகழ்ச்சி என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றுவார்கள். காமன் பொட்டல் என்று ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு திடல் உண்டு. அங்கே கரும்பும் ஆமணக்கும் பிறவும் சேர்த்துக் கட்டிய கம்பத்தை நட்டுக் காப்புக் கட்டுவார்கள். அன்றிலிருந்து நிறைநிலா வரை ஒவ்வோர் இரவும் பாட்டு. வேலை முடிந்து, குளித்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்து பாடுவார்கள். ரதி மன்மதன் கல்யாணமும் தகனமும் வரும் இறுதி இரவு, இந்த விரதத்தின் முடிவு. ஆகவே முடியுமானால் இரண்டு முறை வாருங்கள். இடையில் ஒரு சாதாரண இரவில் வந்து பாட்டைக் கேளுங்கள். அன்று கூட்டம் இராது. ஐம்பது பேர் இருந்தால் அதிகம். வாத்தியார் பாட, சுற்றியிருப்போர் பின்பாட்டு எடுக்க, ஒரு சிறுவன் அடியைத் தவறவிட்டுத் திட்டு வாங்க, கூத்து எவ்வாறு ஒரு தலைமுறையிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுகிறது என்பதைக் கண்ணால் காணலாம்.

இறுதி இரவில் ரதியும் மன்மதனும் கல்யாணக் கோலத்தில் லயம் லயமாக வருவார்கள். ரதி வேடம் பூணுபவர் ஆண்தான். ஒவ்வொரு வாசலிலும் நிறைகுடமும் விளக்கும் வைத்து, தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்வதுபோல் ஆரத்தி எடுப்பார்கள். பின்னர் தூதன் ஓலை கொண்டுவருகிறான். தொடர்ந்து வீரபத்திரன், தீப்பந்தங்களோடு. அந்த வேடக்காரரைச் சிலர் பிடித்துக்கொண்டே வருவதைப் பார்ப்பீர்கள். அது நாடகத்துக்காக அல்ல. அருள் வந்த ஆளை அடக்கிப் பிடிக்கிறார்கள். அவ்வேளையில் பாதையை விட்டு விலகி நில்லுங்கள். குழந்தைகளைப் பின்னால் வையுங்கள். தகனத்தின்போது பொட்டலின் மேட்டுப் பக்கம் நிற்பது நல்லது. கீழ்ப்பக்கம் புகை இறங்கும்.

எரிந்ததும் பெரும்பாலான வெளியூரார் எழுந்து போய்விடுகிறார்கள். அப்போதுதான் ரதியின் புலம்பல் தொடங்குகிறது. முன்வரிசையில் கிழவிகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஒரு தேவதையின் கணவனுக்காக மட்டும் அவர்கள் அழுவதில்லை. மண்ணில் புதைந்தவர்கள், கப்பலேறிப் போனவர்கள், கொழும்புக்கு வேலைக்குப் போய்ப் பெட்டியில் திரும்பிய பிள்ளைகள் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஊர் கூடி அழ வாய்ப்பளிக்கும் இடம் அது. நள்ளிரவுக்கு மேல் ஒரு மணிநேரம் குளிரைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இதை நீங்கள் பார்ப்பீர்கள். மூன்றாம் நாள் காமனை எழுப்பும் சடங்கும் உண்டு. தோட்டத்துக்குத் தோட்டம் முறைகள் மாறும். "அந்தத் தோட்டத்தில் அப்படிச் செய்தார்களே" என்று யாரிடமும் கேட்காதீர்கள்.

தப்பு

இந்தக் கூத்தின் உயிர் தப்பு. வைக்கோலோ காகிதமோ கொளுத்திய நெருப்பில் தோலைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காய்ச்சும் அந்த அரைமணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். சாமி அழைக்க ஓர் அடி, ஊர்வலத்துக்கு ஓர் அடி, வீரபத்திரனுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. கேட்டுப் பழகியவர்களுக்கு, லயத்தில் இருந்தபடியே திடலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதே தப்புத்தான் ஒரு காலத்தில் விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைக்கவும் ஒலித்தது. துரையின் கட்டளைக்கும் தெய்வத்தின் வருகைக்கும் ஒரே கருவி. பின்னாளில் அந்த இடத்தைச் சங்கு எடுத்துக்கொண்டது. தப்படிப்பவர்களைத் தோட்டம் நீண்டகாலம் எங்கே நிறுத்தி வைத்திருந்தது என்பது மலையகத்தார் அனைவருக்கும் தெரியும். அவர்கள் இல்லாமல் சாமி புறப்படாது. ஆனால் பந்தியில் அவர்களுக்குக் கடைசி இடம். இன்று இளைஞர்கள் தப்பை அரங்குக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பாடசாலை விழாக்களிலும் அது ஒலிக்கிறது. ஆகவே நீங்கள் வரும்போது வேடக்காரர்களுக்குச் சொல்லும் பாராட்டைத் தப்புக்காரர்களிடமும் சென்று சொல்லுங்கள். "அண்ணே, நல்லா அடிச்சீங்க" என்ற ஒரு வார்த்தை போதும். அதற்குக் காசு தேவையில்லை.

படம் எடுப்பது பற்றி

கேட்டுவிட்டு எடுங்கள் என்பதுதான் என் பதில். யாரைக் கேட்பது என்பதே முக்கியம். கோயில் கமிட்டித் தலைவரையும் கூத்து வாத்தியாரையும் பகலிலேயே சந்தித்துவிடுங்கள். தேங்காய், பழம், வெற்றிலைபாக்கு, கற்பூரத்தோடு சென்று உங்கள் ஊரையும் பெயரையும் சொல்லுங்கள். அதற்குப் பின் நீங்கள் விருந்தாளி. எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்று அவர்களே இடம் காட்டுவார்கள். பெரிய வாகனம் கொண்டுவருவதானால் தோட்ட வீதிக்குள் விடலாமா என்பதையும் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படப்பிடிப்புக் குழுவினர் வந்திருந்தார்கள். வீரபத்திரன் வந்த வேகத்தில் வெளிச்சம் சரியாக அமையவில்லையாம். "இன்னொரு முறை அங்கிருந்து ஓடிவரச் சொல்லுங்கள்" என்று வாத்தியாரிடம் கேட்டார்கள். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, அவர் இப்ப நான் கூப்பிட்டா வர்ற ஆள் இல்லை. அடுத்த மாசிக்கு வாங்க" என்றார்.

லயங்களையும் வீட்டு உள்ளறைகளையும் குளிக்கிற பீலிக்கரையையும் படம் எடுக்காதீர்கள். நூறு ஆண்டுக்கு முந்திய லயக் காம்பராவில் இன்றும் குடும்பங்கள் வாழ்வது வெட்கப்பட வேண்டிய செய்திதான். அந்த வெட்கம் அங்கு வாழ்பவருடையதல்ல. எனினும் திருவிழா நாளில், புதுச்சேலை உடுத்தி வாசலில் கோலமிட்டு நிற்பவளின் பின்னால் தெரியும் தகரக் கூரையைத் தேடிப் படம் பிடிப்பது அவளுக்குச் செய்யும் மரியாதை அல்ல.

பணம்

தோட்டத் திருவிழா எவர் பணத்தில் நடக்கிறது என்பதை அறிந்துகொண்டு வாருங்கள். கோயிலுக்குரிய பங்கைத் தொழிலாளர் தம் சம்பளத்திலிருந்தே கொடுக்கிறார்கள். அந்தச் சம்பளம் எவ்வளவு? நாளுக்கு ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. 2024 இல் அது 1,350 ஆயிற்று. 2026 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 என்று அறிவித்தது. எல்லவில் ஓர் இரவு தங்க நீங்கள் கொடுக்கும் வாடகையை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள்.

எனவே நன்கொடை கொடுக்க விரும்பினால் கமிட்டியிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வேடக்காரர் கையில் நோட்டைத் திணிக்காதீர்கள். அவர் விரதத்தில் இருக்கிறார். பிள்ளைகளுக்குக் காசோ இனிப்போ வீசாதீர்கள். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வருந்துகிறேன், ஆனால் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வருகிறவர்கள்

எனக்குக் கடிதம் எழுதுபவர்களில் ஒரு பகுதியினர் விருந்தாளிகள் அல்லர். அவர்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் திருச்சியிலும் பிறந்தவர்கள். அவர்களுடைய தாத்தாவும் அப்பாயியும் பிறந்தது தெமோதரையிலோ பசறையிலோ மடுல்சீமையிலோ. 1948 இன் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு. தெமோதரை நிலையத்திலும் அந்த ரயில்களில் மக்கள் ஏறினார்கள். அழுகைக் கோச்சி என்று அதற்குப் பெயர். தலைமன்னாரில் இறங்கி, இராமானுஜம் கப்பலில் ஏறி, இராமேசுவரம் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்படிப் போன ஒருவரின் பேரன் ஒரு மாசியில் என் வீட்டுக்கு வந்தார். கோத்தகிரிப் பக்கத்தில் ஆசிரியராக இருப்பவர். தாத்தா காலமாகிவிட்டார். அவர் விட்டுச்சென்ற தகரப் பெட்டியில் கடவுச்சீட்டுக்கு அடியில் ஒரு கொப்பி இருந்ததாகச் சொல்லி எடுத்துக் காட்டினார். ஓரங்கள் பழுப்பேறிய சிஆர் கொப்பி, பென்சில் எழுத்து. காமன் பாட்டுகள். தோட்டத்தின் பெயர் முதல் பக்கத்தில் இருந்தது. நான் அறிந்த தோட்டம், கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கிருந்த வாத்தியாருக்கு அப்போது எழுபது கடந்திருந்தது. கொப்பியை வாங்கி, கண்ணாடியை உயர்த்திச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு தூதன் ஓலை கொண்டுவரும் பகுதியிலிருந்து பாடத் தொடங்கினார். இரண்டு பக்கம் வரை கொப்பியும் அவர் நினைவும் சொல்லுக்குச் சொல் ஒன்றாகப் போயின. மூன்றாம் பக்கத்தில் அவர் நின்றுவிட்டார். அங்கே எட்டு வரிகள் அவர் அறியாதவை. "இது எங்க வாத்தியார் பாடின பாட்டுத்தான். அவரு போன பிறகு யாருக்கும் தெரியாமப் போச்சு. உங்க தாத்தா பின்பாட்டுக்கு நின்ன ஆளு, எழுதி வெச்சிருக்காரு பாருங்க" என்றார். அந்த எட்டு வரியை அன்றிரவே நான்கு இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தகன இரவில் அவை பாடப்பட்டன. பேரன் திடலின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். "முன்னால வாங்க தம்பி, அது உங்க வீட்டுப் பாட்டு" என்று ஒரு பெரியவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பின்பாட்டுக்காரர்களோடு நிறுத்தினார்.

ஆகவே அவ்வகையில் வருகிறவர்களுக்கு என் ஆலோசனை வேறு. உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய கொப்பி, புகைப்படம், தோட்டத்துப் பற்றுச்சீட்டு, எதுவானாலும் கொண்டுவாருங்கள். மூலத்தை வைத்துக்கொண்டு பிரதி ஒன்றைக் கொடுங்கள். தாத்தாவின் பெயரோடு அவருடைய கங்காணியின் பெயரையும் டிவிசனின் பெயரையும் விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள். இங்கே ஆளைத் தேடுவது அந்த முகவரியால்தான். 2023 இல், மக்கள் வந்து இருநூறு ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முன்னோர் நடந்துவந்த வழியை நினைவுகூர்ந்த நடை அது. கோச்சியேறித் திரும்பிப் போனவர்களின் நினைவு உங்கள் பெட்டிகளில்தான் இருக்கிறது.

அம்மன் திருவிழாவும் தேரும்

காமன் கூத்துக்கு வர இயலாதவர்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு வரலாம். ஆற்றங்கரையில் கரகம் பாலித்து, தப்பு முழங்கக் கோயிலுக்குக் கொண்டுவருவதைப் பாருங்கள். அடுத்து பால்குடம், தீச்சட்டி, காவடி. பறவைக் காவடி எடுப்பவர் லொறியிலோ உழவு இயந்திரத்திலோ கட்டிய மரத்தில் முதுகிலும் காலிலும் கொளுவிய முள்ளில் தொங்கியபடி வருவார். மனம் தாங்காதவர்கள் பால்குட வரிசையோடு நடந்துகொள்ளலாம்.

இரவுத் தேர் தோட்டத்துப் பிரிவுகளையெல்லாம் சுற்றிவர விடிந்துவிடும். மின்குமிழ்த் தேர், பின்னால் ஜெனரேட்டர், அதன் இரைச்சலோடு நாதஸ்வரம். தேயிலை மலையின் வளைவுகளில் அந்த ஒளி மறைந்தும் தோன்றியும் வருவதை எதிர் மலையிலிருந்து பார்ப்பது ஓர் அழகு. தேரோடு நடப்பது இன்னோர் அழகு. நடப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு லயத்திலும் அர்ச்சனைத் தட்டோடு நிற்பார்கள். அர்ச்சகர் குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டுச் சொல்வார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயரும் அதில் வரும். இறுதிநாள் மஞ்சள் நீராட்டில் வெள்ளைச் சட்டை அணிந்து வராதீர்கள். முறைமாப்பிள்ளைக்குரிய மரியாதை விருந்தாளிக்கும் கிடைக்கும்.

பதுளையும் கதிர்காமமும்

ஆடியில் ஊவாவில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் கொடுப்பது அந்தக் காற்றுத்தான். அதே காலத்தில் பதுளை நகரில் வேல் பவனி வரும். கடைத்தெருவில் நிற்பதே நல்ல இடம். தமிழ்க் கடைக்காரர், முஸ்லிம் கடைக்காரர், சிங்களக் கடைக்காரர் எல்லோரும் தண்ணீரும் சர்பத்தும் கொடுப்பதை அங்கேதான் பார்க்கலாம். சுற்றுத் தோட்டங்களிலிருந்து லொறிகளில் மக்கள் வந்து இறங்குவார்கள்.

முத்தியங்கனை பௌத்தர்கள் போற்றும் பதினாறு புண்ணியத் தலங்களில் ஒன்று. அதன் பெரஹெராவில் சாட்டை வீசுவோர், தீப்பந்தம் சுழற்றுவோர், கண்டிய நடனக்காரர், யானைகள் என்ற வரிசை வரும். முற்பகலிலேயே சாலையோரத்தில் பாய் விரித்து இடம் பிடித்துவிடுவார்கள். அங்கே தோட்டத்துக் குடும்பங்களையும் காண்பீர்கள். பேழையைச் சுமந்த யானை வரும்போது எழுந்து நில்லுங்கள், எல்லோரும் எழுவார்கள்.

கதிர்காமம் ஊவா மாகாணத்தைச் சேர்ந்ததுதான், மொனராகலை மாவட்டம். ஆடிப் பெருவிழாவில் ஒவ்வோர் இரவும் யந்திரப் பேழை யானை மேல் ஏறி வள்ளியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும். உருவத்தைத் தேடாதீர்கள், திரைக்குப் பின்னால் இருப்பதை எவரும் பார்ப்பதில்லை. இறுதியில் மாணிக்க கங்கையில் நீர்வெட்டு. பதுளையிலிருந்து வெல்லவாய, புத்தளை வழியாகப் போகலாம். புத்தளைக்கும் கதிர்காமத்துக்கும் இடையே காட்டு யானைகள் பாதையில் நிற்கும். பகலில் போங்கள், யானைக்குப் பழம் கொடுப்பதற்காக வண்டியை நிறுத்தாதீர்கள்.

சாப்பாடும் தேநீரும்

திருவிழா நாளில் எந்த வாசலில் நின்றாலும் "வாங்க, டீத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பார்கள். மறுக்காதீர்கள். பால் கலக்காத சாயம் வரும். சிலர் சீனியைத் தனியே உள்ளங்கையில் தருவார்கள், கடித்துக்கொண்டு குடிக்க. உலகத்துக்கே மணக்கும் ஊவாத் தேயிலையின் நல்ல தரம் கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும். லயத்தில் கொதிப்பது தூள். ஆனாலும் அதை ஆற்றிக் கொடுக்கும் கை, அந்தக் கொழுந்தைப் பறித்த கை. ரொட்டியும் கட்டச்சம்பலும் கிடைத்தால் அதற்கு ஈடு எந்த விடுதியிலும் இல்லை.

வயதில் மூத்தவர்களை அக்கா, அண்ணே, பெரியம்மா, தாத்தா என்று அழையுங்கள். உறவுமுறை சொல்லாமல் பேசுவது இங்கே பேசாமல் இருப்பதற்குச் சமம். யாழ்ப்பாணத்திலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் வருகிற நண்பர்களுக்கு ஒன்று: "தோட்டக்காட்டார்" என்ற சொல்லை வேடிக்கையாகக்கூடச் சொல்லாதீர்கள். நாங்கள் மலையகத்தார்.

மறுநாள் காலை

கூத்து முடிந்த இரவே கிளம்பிவிட வேண்டாம். விடிந்தபின் ஒரு மணிநேரம் இருங்கள். வேலைநாளாக இருந்தால் ஏழு மணிக்கெல்லாம் பிரட்டுக்களத்தில் ஆள் கூடிவிடும். நேற்று ரதியாக அழுதவர், கண்ணில் மை முழுதும் கலையாமல், கவ்வாத்துக் கத்தியோடு நிற்பார். வீரபத்திரன் மருந்து அடிக்கும் தாங்கியை முதுகில் மாட்டிக்கொள்வார். ஆரத்தி எடுத்த பெண்கள் கூடையோடு மலையேறுவார்கள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான். காமன் எரிந்த சோகம் கணக்குப் புத்தகத்தில் ஏறாது.

அவர்களிடம் சென்று, "நேற்று ராத்திரி நீங்க அழுதப்ப எனக்கும் கண் கலங்கிருச்சு" என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். அடுத்த மாசிக்கு வருவதாக இருந்தால் மட்டும் வருவேன் என்று சொல்லுங்கள். அவர்கள் அதை நினைவில் வைத்திருப்பார்கள்.